மீனுக்கு முன்னால் குடிவர வேண்டியவை

என் வீட்டு முதல் மீன் தொட்டி நான்கு நாள்தான் நின்றது. ஒரு சனிக்கிழமை மாலை, இரண்டடித் தொட்டி, வண்ணக் கல், ஒரு கட்டுச் செடி, இருபது கப்பி மீன் என எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்கி வந்தேன். அன்றிரவே தண்ணீர் நிரப்பி, மீனையும் விட்டு, பிள்ளைகளோடு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தோம். திங்கட்கிழமை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவ்வாய்க்கிழமை ஏழு செத்துக் கிடந்தன. கடையில் போய்ச் சொன்னேன். நீலச் சொட்டு மருந்தும் ஒரு பொட்டலம் கல்லுப்பும் கொடுத்தார்கள். புதன்கிழமை காலை சின்னவள் தொட்டியை எட்டிப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

அந்த மீன்களுக்கு நோய் எதுவும் இல்லை. தண்ணீரும் பார்ப்பதற்குப் பளிங்குபோல இருந்தது. அவற்றைக் கொன்றது அம்மோனியா. அது கண்ணுக்குத் தெரியாது. மீனைக் கொல்லும் அளவில் மூக்குக்கும் தெரியாது. சேலத்தில் புதிதாகச் செடியோடு மீன் தொட்டி வைக்கப் போகிறவர் வீட்டில் இது நடக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

மீன் தின்னும் தீனியில் இருக்கும் புரதம் செரித்தபின் மிஞ்சுகிற கழிவுதான் அம்மோனியா. மீன் அதைப் பெரும்பாலும் செவுள் வழியாகவே வெளியே விடுகிறது. தின்னாமல் அடியில் கிடக்கும் தீனியும், அழுகிய இலையும் அதையே கொடுக்கும். மூக்கனேரியில் இது ஒரு பொருட்டே இல்லை. அத்தனை தண்ணீர், அடியில் சேறு, கரையெல்லாம் செடி. ஐம்பது லிட்டர் கண்ணாடிப் பெட்டியில் அம்மோனியா போக இடமில்லை. மீன் தன் கழிவிலேயே மூச்சு விட வேண்டியதுதான்.

ஏரிச் சேற்றில், கல்லில், செடித் தண்டில் இரண்டு வகை பாக்டீரியா ஒட்டி வாழ்கின்றன. முதல் வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் விஷம்தான், மீனின் ரத்தத்தில் ஏறி, ஆக்சிஜனைச் சுமக்க விடாமல் செய்துவிடும். இரண்டாம் வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் கொஞ்சம் இருந்தால் மீன் தாங்கும், செடிக்கு அது உரம். மீன், அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், செடி என்று போகும் இந்தச் சுற்றைத்தான் மீன் வளர்ப்பவர்கள் சைக்கிள் என்கிறார்கள். ‘டேங்க் சைக்கிள் ஆகிடுச்சா?’ என்று உங்களிடம் யாராவது கேட்டால், இந்த இரண்டு வகையும் போதுமான அளவு குடிவந்துவிட்டனவா என்று கேட்கிறார் என அர்த்தம். இவற்றை முதன்முதலில் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டியவர் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிவியலாளர், 1890 வாக்கில். இரண்டு வேலையையும் ஒரே உயிர் தனியாகச் செய்யும் வகையும் உண்டு என்பது 2015-ல்தான் தெரியவந்தது. அதைக் கண்டெடுத்த இடங்களில் ஒன்று, மீன் வளர்ப்புத் தொட்டியோடு சேர்ந்த ஒரு வடிகட்டி. கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததைப் பார்க்கவே அத்தனை காலம் ஆகியிருக்கிறது.

பாலைக் காய்ச்சி வைத்தால் மட்டும் தயிர் ஆகிவிடுமா? உறை ஊற்ற வேண்டும், ஊற்றிவிட்டு ஒரு ராத்திரி விட வேண்டும். தொட்டியும் அப்படித்தான். ஆனால் தயிர்க் கிருமி மடமடவென்று பெருகும். நம் ஆட்கள் ஒன்று இரண்டாவதற்கே பாதி நாள், சில சமயம் ஒன்றிரண்டு நாள்கூட எடுத்துக்கொள்வார்கள். அதனால்தான் தயிருக்கு ஒரு ராத்திரி என்றால் தொட்டிக்கு நான்கு முதல் ஆறு வாரம்.

சரி, எந்தத் தண்ணீரை ஊற்றுவது? சேலத்தில் பல வீடுகளில் இரண்டு குழாய் இருக்கும். ஒன்றில் நல்ல தண்ணி, இன்னொன்றில் உப்புத் தண்ணி. நல்ல தண்ணி மேட்டூரிலிருந்து வரும் காவிரி. உப்புத் தண்ணி போர் தண்ணீர். குழாய் முனையில் வெள்ளையாகப் படிகிறதே, ஹீட்டர் கம்பியில் ஓடுபோல ஏறுகிறதே, அது கால்சியமும் மக்னீசியமும். நகருக்கு வடக்கே கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் வெட்டும் சுரங்கங்கள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வெள்ளைக்கல் மேக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். இப்படிப்பட்ட பூமிக்குள்ளிருந்து வரும் தண்ணீர் கடினமாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

உப்புத் தண்ணியில் தொட்டி வைக்கலாம். அதற்கு ஒரு நல்லதும் உண்டு, ஒரு ஆபத்தும் உண்டு. நல்லது என்னவென்றால், அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவுக்கு வேலை செய்யக் கார்பனேட் வேண்டும்; உப்புத் தண்ணியில் அது தாராளமாக இருப்பதால் சைக்கிள் நடுவில் நின்றுபோகாது. ஆபத்து பி.எச். பற்றியது. தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண் அது; உப்புத் தண்ணியில் பெரும்பாலும் 7-க்கு மேலே இருக்கும். தண்ணீரில் அம்மோனியா இரண்டு உருவத்தில் இருக்கும். அம்மோனியம் என்ற உருவம் மீனை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. அம்மோனியாவாகவே இருக்கும் பங்குதான் செவுளைச் சுடும். 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 என்றால் அந்தக் கெட்ட பங்கு ஆயிரத்தில் ஆறு அளவு. பி.எச். 8 ஆனால் நூற்றில் ஐந்து. கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு! சித்திரை வெயிலில் தண்ணீர் சூடாகச் சூடாக அது இன்னும் ஏறும். ஆகவே உப்புத் தண்ணித் தொட்டியில், அதுவும் கோடையில், ‘கொஞ்சம் அம்மோனியாதானே’ என்று விட முடியாது. என் கப்பிகள் போனதும் இப்படித்தான். கப்பிக்குக் கடினத் தண்ணீர் பிடிக்கும். ஆனால் அந்தத் தண்ணீரில் அம்மோனியா பல மடங்கு கடுமை.

நான் இப்போது பாதிக்குப் பாதி கலக்கிறேன். நல்ல தண்ணியில் குளோரின் இருக்கும். அது கிருமியைக் கொல்லப் போடுவது, நம் பாக்டீரியாவையும் விடாது. டிரம்மில் பிடித்து, ஏர் பம்பைப் போட்டு ஒரு நாள் விட்டால் போய்விடும். அவசரம் என்றால் கடையில் ஆன்டி குளோரின் என்று விற்கும் சொட்டு போதும். அப்புறம், ஆவியாகிக் குறைந்த தண்ணீரை ஈடுகட்ட உப்புத் தண்ணியை ஊற்றாதீர்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். திரும்பத் திரும்ப உப்புத் தண்ணியே ஊற்றினால் குழம்பு சுண்டுவது போலச் சுண்டும். அதற்கு நல்ல தண்ணியோ, கேன் தண்ணீரோ.

கல் விஷயத்தில் சேலத்துக்காரர்களுக்கு என்று ஒன்று சொல்ல வேண்டும். கல் தண்ணீரில் கரையுமா என்று பார்க்க, அதன்மேல் வினிகர் விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். பொங்கினால் சுண்ணாம்பு, விட்டுவிடு. பொங்காவிட்டால் போடலாம் என்பது கணக்கு. நம் வெள்ளைக்கல் இந்தச் சோதனையில் தப்பிவிடும். மேக்னசைட் குளிர்ந்த, நீர்த்த அமிலத்தில் சரியாகப் பொங்காது. பார்க்க அழகாக இருக்கிறதே என்று எடுத்து வராதீர்கள். சேர்வராயன் மலையடிவாரத்தில் எங்கும் கிடைக்கும் கருங்கல் தண்ணீரில் ஒன்றும் விடாது. பச்சைச் செடிக்குப் பின்னால் கறுப்புக் கல்தான் எடுப்பாகவும் இருக்கும் என்பது என் எண்ணம்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி முதல்முறைக்குச் சரியான அளவு. விளிம்புவரை ஊற்றினால் 56 லிட்டர் கொள்ளும். மண், கல் போக 45 லிட்டர் நிற்கும். சின்னக் கிண்ணத் தொட்டிதான் சுலபம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அதில் தண்ணீர் குறைவு, தவறு செய்தால் உடனே மீன் போய்விடும். தொட்டியை ஜன்னல் வெயில் படாத இடத்தில், அடியில் தெர்மோகோல் போட்டு வையுங்கள். நிறைந்தபின் அறுபது கிலோவுக்கு மேல் இருக்கும், நகர்த்த முடியாது. முதலில் வெறும் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் கசிகிறதா என்று பாருங்கள்.

அடியில் தோட்டத்துச் செம்மண்ணை வேர், குப்பை, கல் போகச் சலித்து, ஓர் அங்குலம் பரப்புகிறேன். எரு, யூரியா எதுவும் போட்டிராத மண்ணாக இருக்க வேண்டும். அதன்மேல் நன்றாகக் கழுவிய பருமணல் ஒன்றரை அங்குலம். மண் தண்ணீரோடு கலங்காமல் மூடி வைப்பது இந்த மணல்தான். கடையில் அக்வா சாயில் என்று விற்பதும் நல்லதுதான், விலை அதிகம். முதல் சில வாரம் அதிலிருந்தே அம்மோனியா வரும். வடிகட்டிக்கு ஏர் பம்போடு சேரும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். பாக்டீரியா தண்ணீரில் மிதப்பது குறைவு. ஸ்பாஞ்சின் துளைகளில், மணலில், கண்ணாடியில் ஒட்டித்தான் வாழும். ஸ்பாஞ்ச் என்பது அவற்றின் குடியிருப்பு.

செடிக்கு வருவோம். தமிழில் நமக்கு எல்லாமே பாசி. கண்ணாடியில் படியும் வழுவழுப்பும் பாசி, குளத்தில் ரிப்பன் போல நீளமாக ஆடுவதும் பாசி. தொட்டிக்காரருக்கு முதலாவது தொல்லை, இரண்டாவது தோழன். உப்புத் தண்ணிக்கு வாலிஸ்நீரியா என்னும் அந்த ரிப்பன் செடியைப் போல வேறில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே தனக்கு வேண்டிய கரியை எடுத்துக்கொள்ளும் திறன் அதற்கு உண்டு. கரியமில வாயு சிலிண்டர் எதுவும் தேவைப்படாது. ஹார்ன்வொர்ட்டும் அப்படியே. நம் வாய்க்கால் கரையிலும் வயல் வரப்பிலும் படரும் நீர்ப்பிரமியையும் தண்ணீருக்குள் நடலாம், நிதானமாக நிமிர்ந்து வளரும். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இரண்டையும் மணலில் புதைக்கக் கூடாது. கல்லில் நூலால் கட்டுங்கள். புதைத்தால் தண்டு அழுகும்.

நடும்போது தொட்டியில் நாலு விரல் தண்ணீர் மட்டும் இருக்கட்டும். வாலிஸ்நீரியாவின் வேரை இரண்டு அங்குலம் விட்டு நறுக்குங்கள். நீளமான இடுக்கியால் வேரைப் பிடித்து, சாய்வாக மணலுக்குள் இறக்கி, பிடியைத் தளர்த்தியபின் இடுக்கியை லேசாக ஆட்டிக்கொண்டே வெளியே எடுக்க வேண்டும். நேராக இழுத்தால் செடியும் கூடவே வந்துவிடும். பிறகு இலை மண்ணோடு சேரும் வெள்ளைப் பகுதி மணலுக்கு மேலே தெரியும்படி ஒரு பொட்டுத் தூக்கிவிடுங்கள். அது புதைந்தால் குருத்து அழுகும். முடிந்ததும் ஒரு தட்டை வைத்து அதன்மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினால் மணல் பறிக்காது. செடியில் கஞ்சத்தனம் வேண்டாம். முதல் நாளிலேயே தரை பாதிக்கு மேல் மறைய வேண்டும். செடியும் அம்மோனியாவைத் தின்னும். பல நீர்ச்செடிகளுக்கு நைட்ரேட்டைவிட அம்மோனியம்தான் விருப்பம்.

இப்போது மீன் இல்லாத தொட்டி. பாக்டீரியாவுக்குச் சாப்பாடு யார் போடுவது? தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு அழுக விடலாம். நடக்கும், ஆனால் எவ்வளவு அம்மோனியா வந்தது என்று சொல்ல முடியாது. எனக்குப் பிடித்தது நவச்சாரம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் தேய்ப்பார்களே, அதுதான். வேதியியலில் அம்மோனியம் குளோரைடு. பூச்சு வேலைக்கு விற்பதில் வேறு எதுவும் கலந்திருக்கலாம் என்பதால், ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் சுத்தமானதாக வாங்குங்கள். 45 லிட்டரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா வர 0.28 கிராம் நவச்சாரம் வேண்டும்.

கால் கிராமை எதில் நிறுப்பது? என் மனைவியின் தம்பி செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். அவர் தராசில் வெள்ளித் தூள் விழுந்தால்கூட எண் மாறும். ஒரு பட்டர் பேப்பரை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, நவச்சாரத்தைத் தீக்குச்சி முனையால் துளித்துளியாகத் தட்டினார். 0.26, 0.27, 0.28. “இவ்வளவு தூளுக்கா மாமா இருபது மீன் செத்துச்சு?” என்று கேட்டார். இவ்வளவு அம்மோனியாகூட வேண்டியதில்லை என்றேன். பத்துப் பொட்டலம் மடித்துக் கொடுத்தார். பட்டறை வசதி இல்லாதவர்கள் 2.8 கிராமை நிறுத்து அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, ஒரு தடவைக்கு 50 மில்லி எடுத்தால் அதே அளவுதான். பாட்டிலில் பெயர் எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

டெஸ்ட் கிட் இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள். சின்னச் சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, சொட்டு விட்டு நிறம் பார்க்கும் வகையாக வாங்குங்கள். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றும் வேண்டும். நவச்சாரம் போட்ட அன்று அம்மோனியாக் குழாய் பச்சையாகும். முதல் வாரம் முழுக்கப் பச்சைதான், ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும். பத்து நாள் வாக்கில் பச்சை வெளிறத் தொடங்கும். அதே சமயம் நைட்ரைட் குழாய் நீலத்திலிருந்து ஊதாவுக்குப் போகும். முதல் வகை பாக்டீரியா குடிவந்துவிட்டது என்பதற்கு இதுவே அத்தாட்சி. அம்மோனியா லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போதெல்லாம் அரைப் பொட்டலம் போடுங்கள். ஊதா நிறம்தான் பொறுமையைச் சோதிக்கும். இரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம் அப்படியே நிற்கும். இரண்டாம் வகை மெதுவாகத்தான் வரும். இந்தக் கட்டத்தில்தான் பலர் ‘அம்மோனியா போயிடுச்சே’ என்று மீனை விட்டுவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். ஒரு நாள் காலை ஊதா நீலமாக மாறியிருக்கும். அன்று ஒரு முழுப் பொட்டலம் போட்டு, மறுநாள் அதே நேரம் பாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார்.

இதற்குக் குறுக்கு வழி ஒன்று உண்டு, அதுதான் உறை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒருவர் தொட்டியின் ஸ்பாஞ்சை வாங்கி, உங்கள் தொட்டித் தண்ணீரில் பிழிந்துவிடுங்கள். ஒரு கிண்ணம் பழைய மணலும் போடலாம். ஆறு வாரம் இரண்டு வாரமாகச் சுருங்கும். அவர் தொட்டியில் சமீபத்தில் நோய் வந்திருந்தால் மட்டும் வேண்டாம். கடையில் கொடுக்கும் நீலச் சொட்டு மெத்திலீன் புளூ. அது நம் பாக்டீரியாவையும் கெடுக்கும். சைக்கிள் நடக்கும் தொட்டியில் அதற்கு வேலையே இல்லை.

மலைமேல் இருப்பவர்களுக்கு வேறு கணக்கு. ஏற்காட்டில் என் அத்தை வீட்டில் இதே அளவுத் தொட்டியை, இதே பொட்டலங்களோடு மார்கழியில் வைத்தேன். மூன்று வாரம் கழித்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்ப் பார்த்தால் குழாய் இன்னும் பச்சையாகவே இருந்தது. “நேத்து அரைச்ச மாவே இன்னும் பொங்கல, உன் பூச்சி மட்டும் எப்படிப்பா பெருகும்?” என்றார் அத்தை. முழுக்க முழுக்கச் சரி. இந்த பாக்டீரியாவுக்கு 25 முதல் 30 டிகிரி வேண்டும். 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் அவை முடங்கிவிடும். ஹீட்டர் போட்டு 26-ல் நிறுத்தினோம். இன்னொரு குறையும் இருந்தது. அத்தை வீட்டு ஊற்றுத் தண்ணீரில் குளித்தால் சோப்பு வழுக்கல் போகவே போகாது, அவ்வளவு மென்மை. கார்பனேட் குறைந்த தண்ணீரில் சைக்கிள் தொடங்கினாலும் பி.எச். இறங்கி நடுவழியில் நின்றுவிடும். ஒரு கைப்பிடிச் சிப்பி ஓட்டைக் கழுவி வலைப்பையில் கட்டி ஃபில்டர் பக்கத்தில் போட்டோம். கீழே நாம் விலக்கி வைக்கும் சுண்ணாம்பு மேலே மருந்தாகிறது. ஐந்தாவது வாரம் அத்தை தொலைபேசியில் ‘நீலம் வந்துடுச்சு’ என்றார்.

காத்திருக்கும் நாள்களில் சில விஷயம் பயமுறுத்தும். தண்ணீர் பால்போல மங்கும். சில நாளில் தானே தெளியும். கண்ணாடியிலும் இலையிலும் காப்பித் தூள் நிறத்தில் படலம் வரும். அது டயட்டம் என்னும் நுண்பாசி, புதுத் தொட்டிக்கு வழக்கம்; துணியால் துடைத்தால் போதும். விளக்கை முதல் மாதம் ஆறு மணி நேரத்துக்கு மேல் எரிய விடாதீர்கள். வாங்கி வந்த செடிகளின் பழைய இலைகள் கரையும். பல செடிகளைப் பண்ணையில் காற்றில் வளர்க்கிறார்கள். அந்த இலை தண்ணீருக்குள் நிற்காது. அழுகியதைக் கிள்ளி எடுங்கள், செடியைப் பிடுங்காதீர்கள். குருத்து பச்சையாக இருக்கும்வரை அது உயிரோடுதான் இருக்கிறது.

தொட்டி தயாரானதும் முக்கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். சேர்ந்திருக்கும் நைட்ரேட் குறையும். பிறகு ஐந்தாறு கப்பி அல்லது பிளாட்டி. சென்னை கொளத்தூரிலிருந்து ஆக்சிஜன் பையில் பயணப்பட்டு வந்த மீனாக இருக்கலாம், களைத்திருக்கும். பையை மூடியபடியே தொட்டியில் கால் மணி நேரம் மிதக்க விட்டு, அதன்பின் வாய் திறந்து டம்ளர் டம்ளராகத் தொட்டித் தண்ணீர் சேர்த்து, கடைசியில் மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போக வேண்டாம். இரண்டு வாரம் கழித்து இன்னும் ஐந்து. நியான் டெட்ரா ஆசை இருந்தால் அது ஏற்காட்டு மென்தண்ணீருக்கே ஏற்றது.

வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீர் மாற்றினால் போதும். வெட்டி எடுத்த செடியை ஏரியிலோ திருமணிமுத்தாற்றிலோ வீசாதீர்கள், வெயிலில் காய வைத்துக் குப்பையில் போடுங்கள். மாதம் ஒருமுறை ஸ்பாஞ்சைக் கழுவ வேண்டிவரும். குழாயடிக்குக் கொண்டு போகக் கூடாது. குளோரினில் குடியிருப்பே காலியாகும். மாற்றுவதற்கு எடுத்த தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் வைத்து, அதிலேயே இரண்டு மூன்று முறை பிழியுங்கள். பழுப்பாகக் கலங்கி வரும் அந்தத் தண்ணீர்தான் உறை. அக்கம்பக்கத்தில் யாராவது புதிதாகத் தொட்டி வைத்திருந்தால் அவருக்கு ஒரு பாட்டில் கொடுங்கள், அன்றே ஊற்றச் சொல்லுங்கள். மீதியை நான் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுகிறேன். வாளியைச் சின்னவள்தான் தூக்கிக்கொண்டு போகிறாள்.